தீவுக்குள் ஒரு தீவு

விடுமுறை என்றால் ஓய்வு என்றே பலரும் பொருள் கொள்வர். உடலின் ஓய்வுக்குப் புதிய ஊரும் நல்ல உறக்கமும் போதும். உள்ளத்தின் ஓய்வு அத்தகையதன்று. நெடுநாள் சுமந்த சுமையை எங்கேனும் இறக்கி வைத்தாலன்றி அதற்கு ஓய்வு இல்லை. அவ்வாறு இறக்கி வைக்கும் இடம் மனிதன் தேர்ந்தெடுக்கும் இடமாக அமைவதும் அரிது. போக வேண்டாம் என்று ஒதுக்கிய இடமே சில வேளைகளில் அதற்கு வாய்த்துவிடுகிறது.

பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், 2025ஆம் ஆண்டில் மூன்று நாள் விடுமுறையாகச் சிங்கைத் தீவுக்கு வந்திருந்தார். அகவை எண்பத்து மூன்று. கைத்தடி இன்றி நடப்பார். கண்ணாடி இன்றிப் படிக்கமாட்டார். உடன் மகளும் பேத்தியும் வந்திருந்தனர். முதல் நாள் தேக்காவில் கழிந்தது. வீரமாகாளியம்மன் கோயிலில் வழிபட்டபின், அவர் திருநீற்றைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகள் அதைக் கண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கடற்கரையில் கழிந்தது. மூன்றாம் நாள் காலையில் பேத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஜூரோங் ஏரியில் ஒரு சப்பானியத் தோட்டம் இருக்கிறது, தாத்தா. மிகவும் அமைதியான இடமாம். போகலாமா?"

மகள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அக்குடும்பத்தில் சில மாதங்களாகச் 'சப்பான்' என்னும் சொல் தாழ்ந்த குரலிலேயே ஒலித்து வந்தது. பேத்திக்குச் சப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படிக்க உதவித்தொகையுடன் இடம் கிடைத்திருந்தது. செய்தியைச் சொன்ன அன்று, "நல்லது" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு ஆசிரியர் கொல்லைப்புறம் போய்விட்டார். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறுக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. அவர் கையால் திருநீறு பெறாமல் அவ்வீட்டிலிருந்து எவரும் நெடும்பயணம் புறப்பட்டதில்லை. பேத்தியும் அது பெறாமல் புறப்படப் போவதில்லை என்று உறுதியாக இருந்தாள். அவளும் வாய் திறந்து கேட்கவில்லை. மூவரும் அந்த ஒரு சொல்லைச் சுற்றி நடந்துகொண்டிருந்தனர்.

"போகலாம்" என்றார் ஆசிரியர்.

அவர் பிறந்தது 1942ஆம் ஆண்டில். அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. தீவின் பெயரே 'சியோனான்' என்று மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டில், சயாமில் இரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று மலாயாத் தோட்டங்களில் பறைசாற்றினர். மூன்று மாத வேலை; நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி; உணவும் உறையுளும் மருத்துவமும் இலவசம் என்றனர். நம்பிப் போனவர் சிலர். வலிந்து ஏற்றப்பட்டவர் பலர். ஆசிரியரின் தந்தை இவ்விரு வகையில் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை வீட்டில் எவரும் தெளிவாகச் சொன்னதில்லை. காலைப் பெரட்டுக்குச் சென்றவர் லயத்துக்குத் திரும்பவில்லை என்பது மட்டுமே தாய் சொன்ன செய்தி. தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு அப்போது ஒரு வயது.

அவர் ஆசிரியராகி, 1968ஆம் ஆண்டில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார். அது சப்பானியத் தயாரிப்பு. "அம்மா, ஏறி உட்காருங்கள், கோயிலுக்குப் போவோம்" என்று அழைத்தார். தாய் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நீ முன்னே போ, ஐயா. நான் நடந்து வருகிறேன்" என்றார். கோயில் இரண்டு மைல் தொலைவில் இருந்தது. அன்று நடந்தவர் இறுதிவரையில் நடந்தே போனார். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை, காரணம் சொன்னதும் இல்லை. மகனும் அதன்பின் ஏறச் சொல்லி வற்புறுத்தவில்லை.

இந்த நினைவோடுதான் அவர் அன்று காலை ஜூரோங் ஏரிக்கரையில் இறங்கினார்.

ஜூரோங் ஒரு காலத்தில் சதுப்பு நிலமாகவும் இறால் குளங்களாகவும் கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் அங்கே தொழிற்பேட்டை எழத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டில் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. ஆலைப் புகை மட்டும் இருந்தால் மக்கள் குடியேறமாட்டார்கள். உழைத்துக் களைத்தவர் மாலையில் காற்று வாங்க ஓரிடம் வேண்டும் என்று கருதினர். ஜூரோங் ஆற்றுக்கு அணையிட்டு ஏரியாக்கினர். அந்த ஏரியில் 13 ஹெக்டர் பரப்பில் அமைந்த சப்பானியத் தோட்டம் 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் கியோத்தோ நகரின் புகழ் பெற்ற தோட்டக்கலை வல்லுநர் கின்சாக்கு நக்கானே. சப்பானின் அடாச்சி ஓவியக்கூடத்துத் தோட்டமும் அவர் கைவண்ணமே. பாலத்தைக் கடந்தால் அடுத்திருப்பது 1975இல் திறக்கப்பட்ட சீனத் தோட்டம். இரு தோட்டங்களும் சீரமைப்புக்காகச் சில ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டன. சிங்கைத் தீவுக்குள், ஏரி நடுவே, இது மற்றொரு தீவு.

1973 என்னும் ஆண்டைக் கேட்டதும் ஆசிரியர் மனத்துள் கணக்குப் போட்டார். சப்பானியர் சரணடைந்து இருபத்தெட்டே ஆண்டுகள். தம் தாய் அப்போதும் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தார்.

தோட்டத்தினுள் நுழைந்ததும் பேச்சு தானே தாழ்ந்தது. அங்கே கண்ணைப் பறிக்கும் வண்ணம் எதுவும் இல்லை. பச்சையிலேயே பல பச்சைகள். சாம்பல் நிறக் கற்கள். அவற்றுக்கிடையே அசையாத நீர். குளத்தில் அல்லி மலர்ந்திருந்தது. கல்விளக்கு ஒன்று ஒளி இன்றியே அழகாக நின்றது. ஏரிக்கரையில் கொக்கு ஒன்று தன் நிழலைப் பார்த்தபடி ஒற்றைக்காலில் தவமிருந்தது. பெரிய உடும்பு ஒன்று எவரையும் பொருட்படுத்தாமல் பாதையைக் கடந்து நீரில் இறங்கிற்று. சப்பானியத் தோட்டத்தின் இலக்கணத்தில் இந்த உடும்புக்கு இடம் உண்டோ இல்லையோ, ஜூரோங் தோட்டத்தில் அது உரிமையோடு உலவியது.

பேத்தி தான் படித்தவற்றை ஆர்வத்தோடு எடுத்துரைத்தாள். சப்பானியத் தோட்டத்தில் முதலில் வருவது கல். செடியும் கொடியும் பின்னரே. 11ஆம் நூற்றாண்டில் தோன்றிய 'சக்குத்தேய்க்கி' என்னும் தோட்டக்கலை நூலே கற்களை நிறுத்தும் முறையோடுதான் தொடங்குகிறது. கல்லின் போக்கை அறிந்து அதற்கேற்பத் தோட்டத்தை அமைக்க வேண்டும் என்பது அக்கலையின் அடிப்படை. கல்லை மேலே வைத்ததுபோல் வைக்கமாட்டார்கள். அடிப்பகுதியை மண்ணுள் புதைத்து, அது அங்கேயே முளைத்தது போல் நிறுத்துவார்கள். தொலைவில் தெரியும் மலையையும் மரத்தையும்கூடத் தோட்டத்தின் காட்சியாகக் கடன் வாங்கிக்கொள்வார்கள்.

"கியோத்தோவில் ரியோவான்ஜி என்று ஒரு கோயில் இருக்கிறது, தாத்தா. வெண்மணலில் பதினைந்து கற்கள் மட்டுமே உள்ள தோட்டம். தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் பதினைந்தும் ஒருசேரத் தெரியாதாம். ஒரு கல்லாவது மறைந்தே இருக்குமாம்."

"மறைந்திருந்தாலும் கணக்கில் உண்டு அல்லவா?" என்றார் ஆசிரியர்.

"உண்டு, தாத்தா."

அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். சிறிது தொலைவு சென்றபின், "இத்தோட்டத்திற்குப் பெயர் ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

"செய்வாஎன் என்பது பெயர். முதலெழுத்து விண்மீன், அது சிங்கப்பூரையும் குறிக்கும். அடுத்தது இணக்கம், அது சப்பானையும் குறிக்கும். கடைசி எழுத்து தோட்டம்."

தமிழாசிரியர் முகத்தில் அன்று முதல் முறையாகப் புன்னகை அரும்பியது. "செய்வாய் என்! தமிழில் பிரித்தாலும் பொருள் வருகிறதே!" என்றார். இலக்கணம் கற்பித்த வாய்க்குப் பகைவன் மொழி, நண்பன் மொழி என்னும் வேறுபாடு ஒரு நொடி மறந்து போயிற்று.

பாதை வளைந்த இடத்தில் தொழிலாளர் ஒருவர் நீண்ட கத்தரியால் புதர்ச்செடி ஒன்றை உருண்டையாக வெட்டிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி; கழுத்தில் ஈரத்துண்டு. தமிழ்ப் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து, "வணக்கம், ஐயா" என்றார்.

"எந்த ஊர், தம்பி?"

"புதுக்கோட்டைப் பக்கம், ஐயா. வந்து மூன்று வருடம் ஆகிறது."

"அழகாக வெட்டியிருக்கிறீர்கள்."

"வெட்டி முடிந்தது என்பதே இல்லை, ஐயா. இந்த வெயிலுக்கும் மழைக்கும் ஒரு வாரம் விட்டால் காடாகிவிடும். அந்தக் கோடியில் முடிப்பதற்குள் இந்தக் கோடி வளர்ந்துவிடும்."

ஆசிரியருக்கு அது புரிந்தது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் அவர். போர்க்காலத்தில் பால்மரக் காட்டை லாலாங் புல் மூடிப்போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். பார்ப்பவர் அமைதி என்று சொல்வது, பராமரிப்பவருக்கு ஓயாத வேலை.

"பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"ஒரு பெண் குழந்தை, ஐயா. நான் விமானம் ஏறும்போது வயிற்றில் இருந்தாள். போன வருடம்தான் போய்ப் பார்த்தேன். கையை நீட்டினால் வரவில்லை. கைப்பேசியைக் காட்டி, அதற்குள் இருப்பவர்தான் அப்பா என்று சொல்லிவிட்டாள்." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இப்போது பழகிவிட்டாள். இரவு எட்டு மணிக்கு நான் அழைக்காவிட்டால் அவளே அழைத்துவிடுவாள். எடுத்ததும் ஒரே கேள்விதான். 'அப்பா, எங்கே இருக்கிறாய்?' செடியைக் காட்டுவேன், குளத்தைக் காட்டுவேன். அப்புறம்தான் தூங்குவாள்."

ஆசிரியர் உடனே மறுமொழி சொல்லவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு முன்னும் ஒரு குழந்தை, பேசத் தொடங்கிய நாள்முதல் அதே கேள்வியைத்தான் கேட்டது. அதற்கு விடை சொல்ல லயத்தில் எவரும் இல்லை.

"தவறாமல் அழையுங்கள், தம்பி" என்று மட்டும் சொல்லி நகர்ந்தார்.

நீரை நோக்கியிருந்த இருக்கையில் மூவரும் அமர்ந்தனர். அவ்வேளையில் ஏரிக்கு அப்பால், உயர்ந்த பாதையில் பெருவிரைவு இரயில் ஒன்று ஓடிற்று. அந்த ஒலி நீரின்மேல் தவழ்ந்து வந்து தோட்டத்தைத் தொட்டு அடங்கியது. மற்றவர்களுக்கு அது வெறும் ஒலி. ஆசிரியர் அது மறையும்வரை காத்திருந்தார். பிறகு, நீரைப் பார்த்தபடியே பேசினார்.

"உன் கொள்ளுப்பாட்டி இறந்தபோது அவர் கழுத்தில் தாலி இருந்தது. உனக்குத் தெரியுமா, அம்மா?"

பேத்திக்குத் தெரியாது. கொள்ளுப்பாட்டன் சயாமுக்குப் போனார் என்பது மட்டுமே அவள் அறிந்தது.

ஆசிரியர் சொன்னார். தாய்லாந்திலிருந்து பர்மாவரை 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதையின் இரு முனைகளும் 1943ஆம் ஆண்டு அக்டோபரில் இணைந்தன. போர் 1945இல் முடிந்தது. போனவர்களுள் சிலர் எலும்பும் தோலுமாய்த் திரும்பினர். காலராவில் மடிந்தவர், பசியில் மடிந்தவர், காட்டிலேயே கிடந்துவிட்டவர் என்று அவர்கள் பலரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் தந்தையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இறந்ததைப் பார்த்தவர் இல்லை; இருப்பதைப் பார்த்தவரும் இல்லை. பாதை போட்டவர்களுள் போர்க்கைதிகளாக இருந்து மடிந்தவர்களுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் உண்டு. அங்குள்ள பெரிய கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். உடன் மாண்ட ஆசியத் தொழிலாளர்க்கு அவ்வாறு ஆளுக்கொரு கல் இல்லை. பல பத்தாயிரக்கணக்கில் மாண்ட அவர்களின் தொகையிலேயே இன்றுவரை ஒருமித்த கணக்கு இல்லை.

"இறந்தார் என்று செய்தி வராதபோது எப்படித் தாலியைக் கழற்றுவது? அம்மா பொட்டு வைத்துக்கொண்டே இருந்தார். முப்பத்தெட்டு ஆண்டுகள். விழாக்களில் சிலர் அவரை முன்னே அழைப்பார்கள். சிலர் ஒதுங்கிப் போவார்கள். 1981இல் அவர் இறந்தபோது, தோட்டத்துப் பெண்கள் உடலைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுமங்கலியாக அனுப்புவதா, வேறு விதமாகவா? ஒரு மூதாட்டி என்னிடம் வந்து, 'நீதான் படித்தவன். நீயே சொல்லப்பா' என்றார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள், தாத்தா?"

"பூ வையுங்கள் என்றேன்."

ஏரியில் மீன் ஒன்று துள்ளி விழுந்தது. வட்டங்கள் விரிந்து கரையைத் தொட்டன.

"அன்று நான் சொன்னது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் திதி கொடுக்க நாள் தெரியாது. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் கொடுக்கிறேன். கொடுக்கும்போதெல்லாம், உயிரோடு இருந்தவருக்கு எத்தனை ஆண்டு திதி கொடுத்தேனோ என்று மனம் கேட்கும்."

மகள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். இவற்றுள் பாதி அவளுக்கும் புதிது. பேத்தி நெடுநேரம் தலைகுனிந்திருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"மொழி வகுப்பில் ஒருநாள் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், தாத்தா. ஆசிரியை சப்பானியர். அம்மா, அப்பா, உங்களைப் பற்றியெல்லாம் சொன்னேன். கொள்ளுப்பாட்டனிடம் வந்ததும் நின்றுவிட்டேன். அவரைக் காயப்படுத்திவிடுவேனோ என்ற அச்சம் பாதி. சொல்லச் சொல் இல்லாதது பாதி. வயதாகி இறந்துபோனார் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்."

இச்சொல் ஆசிரியரைத் தைத்தது. நாற்பது ஆண்டுகள் மாணவர்க்குச் சொற்களைக் கொடுத்தவர் அவர். தம் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஒன்றைச் சொல்ல ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. அவள் பொய் சொன்னது அச்சத்தால் மட்டுமன்று. அவர் காத்த மௌனத்தாலும்தான். தாய் ஏறாத வண்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவர் பேசாத பேச்சைப் பற்றிப் பேத்தி கேட்கவில்லை. சினத்தைக் காத்துவருவதாக அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அவர் செய்தது, தந்தையின் நினைவைப் புல் மூடவிட்டது.

"கொள்ளுப்பாட்டனுக்கு அவர்கள் மொழியில் என்ன சொல்?"

"ஹீஒஜீசான்."

அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாக்கு இடறியது. மறுபடியும் சொன்னார்.

"நன்றாகப் படி, அம்மா. பொறியியலும் படி; மொழியும் படி. 'என் கொள்ளுப்பாட்டன் இரயில் பாதை போடச் சயாமுக்குப் போனார், திரும்பி வரவில்லை.' இந்த இரண்டு வாக்கியங்களை அவர்கள் மொழியில் பிழை இல்லாமல் சொல்லக் கற்றுக்கொள். பழி கேட்பதற்காகச் சொல்லவில்லை. உன்னோடு படிக்கும் பிள்ளைகள் அன்று பிறக்கவே இல்லை; அவர்களிடம் எனக்குக் கோபம் என்ன? ஆனால் அவர் கணக்கில் உண்டு என்று யாரேனும் சொல்ல வேண்டும். எனக்கு அந்த மொழி தெரியாது. உனக்குத் தெரியும்."

"சொல்கிறேன், தாத்தா."

"போவதற்குமுன் ஒருமுறை காஞ்சனபுரிக்கும் போய்வருவோம். என் கால் இன்னும் நடக்கும்."

அவர் சட்டைப் பையிலிருந்து தாள் மடிப்பை எடுத்தார். காற்றில் பறக்காதபடி உள்ளங்கையைக் குவித்து, விரலால் திருநீற்றைத் தொட்டுப் பேத்தியின் நெற்றியில் இட்டார். அவள் அவர் காலைத் தொட்டு வணங்கினாள். ஏரிக்கரைக் கொக்கு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

தோட்டம் அழகானது, அமைதியானது. ஆயினும் அந்த அமைதி பழைய துயரை அழித்துவிட்டது என்று சொல்வது பொய்யாகும். தாலியின் கேள்விக்கு அங்கேயும் விடை கிடைக்கவில்லை. அங்கே கிடைத்தது, கேள்வியை எடுத்துச் சொல்ல ஓர் இருக்கையும் கேட்க இரு செவிகளும் மட்டுமே. நாள்தோறும் வெட்டித் திருத்தினால்தான் தோட்டம் தோட்டமாக நிற்கிறது. நினைவும் அத்தகையதே. பேசிப் பேணுவார் இல்லையெனில் அது ஒன்று காடாகும். அல்லது இருந்த சுவடே இன்றிப் போகும்.

திரும்பும் வழியில் அந்தத் தொழிலாளர் அடுத்த செடிக்குச் சென்றிருந்தார். ஆசிரியர் அவரிடம் நின்று விடைபெற்றார். பிறகு பேத்தியைப் பார்த்து, "தோட்டத்தின் பெயர் நினைவிருக்கிறதா?" என்றார்.

"செய்வாஎன்."

"செய்வாய் என்றுதான் சொல்கிறது" என்றார் அவர்.

மூவரும் பாலத்தைக் கடந்து நிலையத்தை நோக்கி நடந்தனர். இரயில் வந்து நின்றது. முதியவர் பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு ஏறினார்.